ஆசான் போனால் முன்னேற்றம். மாணவன் போனால் நன்றிகேடா?



பெற்றோர் ஆசிரியர் சங்கப் புலனக் குழு ஒன்றில் அண்மையில் ஒரு பழைய காணொளி வலம் வந்தது. 2022ஆம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையிலான கூடைப்பந்துப் போட்டியில், பலரும் கேள்விப்பட்டிராத ஒரு சிறிய கிறிஸ்தவக் கல்லூரி, கென்டக்கி என்னும் பெரும்படையைச் சாய்த்த ஆட்டம் அது. காணொளியின்கீழ் ஒருவர் எழுதியிருந்தார்: “இப்படிப்பட்ட பயிற்றுநர் கிடைத்தும் பையன்கள் அடுத்த ஆண்டே ஓடிவிட்டார்கள். நன்றி கெட்ட தலைமுறை.” அதற்குப் பதினெட்டுப் பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள். அவர்களுள் நால்வர் ஆசிரியர்கள்!

அந்தப் பதினெட்டுப் பேருக்கும் மறுப்பாகவே இந்தப் பதிவை எழுதுகிறேன். விளையாட்டுத்தானே என்று விட்டுவிடலாம்தான். ஆனால் அந்த ஒற்றை வரிக்குள் இருக்கும் நியாயம் நம் பள்ளிகளுக்குள்ளும் நடமாடுகிறது. ஆகவே விட மனம் வரவில்லை.

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம். நியூ ஜெர்சி மாநிலத்தில் ஜெர்சி சிட்டி என்ற நகரில் இருக்கிறது செயின்ட் பீட்டர்ஸ். 1872இல் இயேசு சபையார் நிறுவிய கல்லூரி. 2012இல்தான் பல்கலைக்கழகம் என்னும் பெயரைப் பெற்றது. இயேசு சபையைத் தமிழாசிரியர்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சதுரகராதி தந்த வீரமாமுனிவர் அச்சபையைச் சேர்ந்தவர்தாம். செயின்ட் பீட்டர்ஸில் பயில்வோர் சில ஆயிரம் பேர் மட்டுமே. குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படியில் கால் வைப்பவர்கள் அங்கே மிகுதி. தோட்டப்புறத்திலிருந்து படித்து மேலே வந்த நம்மவர்களுக்கு இது எப்படிப்பட்ட இடம் என்று உடனே விளங்கும்.

அக்கல்லூரிக் குழுவின் பெயர் ‘மயில்கள்’. முருகனுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அப்பகுதி நிலம் ஒரு காலத்தில் பாவ் என்ற டச்சுக்காரருக்கு உரியதாக இருந்தது. டச்சு மொழியில் அந்தச் சொல்லுக்கு மயில் என்று பொருள். அவ்வளவுதான். ஆனாலும் மயில் என்று படித்தவுடன் எனக்கு அக்குழுவின்மேல் ஒரு தனிப்பாசம் வந்துவிட்டது என்பதை மறைக்கவில்லை.

2022க்கு முன் தேசியப் போட்டிக்கு மூன்று முறை, 1991, 1995, 2011 ஆகிய ஆண்டுகளில், அவர்கள் தகுதி பெற்றிருந்தார்கள். மூன்று முறையும் முதல் ஆட்டத்திலேயே வீடு திரும்பினார்கள். 2022இல் பதினைந்தாம் தரநிலையில் நுழைந்தார்கள். எதிரே எட்டு முறை வாகை சூடிய கென்டக்கி. கென்டக்கிப் பயிற்றுநரின் ஓராண்டு ஊதியம் 80 இலட்சம் டாலருக்கும் மேல். செயின்ட் பீட்டர்ஸ் ஆடவர் கூடைப்பந்துக்குச் செலவிட்ட மொத்தத் தொகையே 20 இலட்சம் டாலரைத் தொடவில்லை. மார்ச் 17ஆம் நாள் கூடுதல் நேரம் வரை சென்று 85-79 என்று மயில்கள் வென்றார்கள். இரண்டு நாள் கழித்து மரே ஸ்டேட் 70-60 என வீழ்ந்தது. அடுத்து பர்டியூ. ஏழடி நான்கங்குல உயரமுள்ள சாக் ஈடி நடுவில் நின்ற குழு அது. அதையும் 67-64 என்று கடந்தார்கள். ஆடவர் போட்டியில் பதினைந்தாம் தரநிலைக் குழு ஒன்று கடைசி எட்டுக்குள் வந்தது அதுவே முதன்முறை. அங்கே நார்த் கரோலினாவிடம் 69-49 என்று தோற்றார்கள்.

காணொளிகள் இவ்வளவோடு முடிந்துவிடுகின்றன. நம் கதை இங்கேதான் தொடங்குகிறது.

தோல்வி மார்ச் 27ஆம் நாள். அந்த வாரமே பயிற்றுநர் ஷஹீன் ஹாலோவே சீட்டன் ஹால் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். அவர் மாணவராக ஆடிய இடம் அது. தாய்க்கல்லூரி அழைத்தது, போனார். அதில் நான் ஒரு குறையும் காணவில்லை. நான்கு ஆண்டு உழைத்த மனிதர், கூடுதல் ஊதியத்துக்கும் பெரிய அரங்கத்துக்கும் தகுதியானவர். ஆனால் அவர் ஏன் போக முடிந்தது? மேரிலாந்துப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு பயிற்றுநர் தேவைப்பட்டார். சீட்டன் ஹாலிலிருந்த கெவின் வில்லர்டு அங்கே போனார். காலியான நாற்காலிக்கு ஹாலோவே வந்தார். ஹாலோவே விட்ட நாற்காலிக்கு, வாக்னர் கல்லூரியில் பத்துப் பருவம் பணியாற்றிய பஷீர் மேசன் ஏப்ரலில் வந்தார். வாக்னர் வேறொருவரைத் தேடிற்று. மேரிலாந்து சென்ற வில்லர்டோ, 2025 மார்ச்சில் அங்கிருந்தும் கிளம்பி அகுஸ்தீன் சபையாரின் வில்லநோவாவுக்குப் போய்விட்டார். நாற்காலி விளையாட்டில் பெரியவர்கள் சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஒருவரையாவது நன்றி கெட்டவர் என்று யாரேனும் சொன்னார்களா? வாழ்த்துத்தான் குவிந்தது.

அதே வசந்தத்தில் மாணவர்களும் போனார்கள். மீசைக்காரர் என்று உலகம் கொண்டாடிய டக் எடர்ட் பிரையன்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். டேரில் பேங்க்ஸ் செயின்ட் பொனவெஞ்சருக்கு. மாலி நாட்டிலிருந்து வந்த டிராமே இரட்டையர் பிலடெல்பியாவின் லசாலுக்கு. (நம் பினாங்கு செயின்ட் சேவியர் பள்ளியை 1852இல் தொடங்கிய அதே லசால் சகோதரர்களின் பல்கலைக்கழகம்தான் அது.) கே.சி. நெடேஃபோ பயிற்றுநரோடு சீட்டன் ஹாலுக்கே போனார். ‘குழு சிதறிவிட்டது’, ‘விசுவாசம் என்பதே இல்லை’, ‘பணம் பார்த்துவிட்டார்கள்’ என்ற புலம்பல் அப்போதுதான் எழுந்தது. ஆசான் முதலில் போனார்; மாணவர்கள் பிறகு போனார்கள். பழி மட்டும் மாணவர்கள் தலையில் விழுந்தது!

இதில் இன்னொரு வேடிக்கையையும் கவனியுங்கள். பயிற்றுநர் பின்னாலேயே போகும் மாணவனை இந்த ஆள்கள் திட்டுவதில்லை. அவனை விசுவாசி என்கிறார்கள். 2024இல் இண்டியானா ஸ்டேட் குழு என்.ஐ.டி. இறுதியாட்டத்தில் 79-77 எனத் தோற்றது. (வென்றது ஹாலோவேயின் சீட்டன் ஹால் என்பது தனிக்கதை.) தோற்ற குழுவின் பயிற்றுநர் ஜாஷ் ஷெர்ட்ஸ் சில நாள்களில், இயேசு சபையாரின் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அவருடைய சிறந்த ஆட்டக்காரர் ராபி அவீலாவும் உடன் போனார். ‘என்ன ஒரு குரு சிஷ்ய உறவு!’ என்று மெச்சினார்கள். அப்படியானால் கல்லூரியை விட்டுப் போவது குற்றமில்லை. பெரியவர் போகும் திசையில் போகாததுதான் குற்றம். மாணவனுக்கென்று ஒரு திசை இருக்கக்கூடாது என்பதே இதன் உட்பொருள்.

இந்த மனப்பான்மை வெறும் பேச்சாக நிற்கவில்லை. பல்லாண்டுக் காலம் சட்டமாகவே இருந்தது. என்.சி.ஏ.ஏ. எனப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுக் கழகத்தின் விதிப்படி, கூடைப்பந்து ஆடும் மாணவன் ஒரு பெரிய கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் ஓராண்டு ஆடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். பயிற்றுநரோ இன்று இங்கே விலகி நாளை அங்கே பயிற்சி தொடங்கலாம். அவரை நம்பிச் சேர்ந்த பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு ஓராண்டுத் தண்டனை. நம்ப வைத்தவருக்கு ஊதிய உயர்வு. 2021 ஏப்ரலில்தான் ஒருமுறை தடையின்றி மாற இடமளித்தார்கள். 2024 ஏப்ரலில் படிப்புத் தகுதி இருந்தால் எத்தனை முறையும் மாறலாம் என்றாயிற்று. 2021 சூலையிலிருந்து மாணவர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குத் தந்து பணம் பெறலாம். 2025 சூனில் நீதிமன்றம் ஏற்ற ஓர் உடன்பாட்டின்படி, கல்லூரிகளே மாணவர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம்; 2025-26இல் ஒரு கல்லூரிக்கு ஏறத்தாழ 2 கோடியே 5 இலட்சம் டாலர் உச்சவரம்பு.

எதிர்த்தரப்பில் நேர்மையான வாதமொன்று உண்டு. ‘இந்தப் புதிய விதிகளால் சிறிய கல்லூரிகள் பெரிய கல்லூரிகளுக்கு நாற்றங்காலாகிவிட்டன, நாற்றை வளர்ப்பவர் ஒருவர், அறுவடை செய்பவர் இன்னொருவர்’ என்கிறார்கள். உண்மை. மொத்தத் திட்டமும் 20 இலட்சத்தில் நடக்கும் இடம் அந்த உச்சவரம்பைக் கனவிலும் தொட முடியாது. அடிக்கடி மாறும் மாணவனுக்குப் படித்த பாடங்களின் புள்ளிகள் புதிய இடத்தில் செல்லாமற்போய்ப் பட்டம் தள்ளிப்போகவும் கூடும். இதையெல்லாம் நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தச் சந்தையைக் கட்டியவர்கள் யார்? தொலைக்காட்சி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களும், பயிற்றுநருக்கு அள்ளிக்கொடுத்தவர்களும், அவரைப் பக்கத்துக் கல்லூரியிலிருந்து கொத்திக்கொண்டு போனவர்களும் வளர்ந்த மனிதர்கள். கடைசியாக அச்சந்தைக்குள் நுழைந்த மாணவனைப் பிடித்து, ‘நீதான் கெடுத்தாய்’ என்பது என்ன நியாயம்?

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

முன்பு நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் வலைப்பந்துக் குழுவை வளர்த்த ஆசிரியை ஒருவர் இருந்தார். மாவட்ட அளவில் இரண்டு ஆண்டு தொடர்ந்து கிண்ணம் வாங்கித் தந்தவர். கணவர் பணிபுரியும் ஊருக்கு மாற்றல் கேட்டார்; கிடைத்தது. பிரியாவிடை விருந்து, மாலை, பொன்னாடை, ‘எங்கிருந்தாலும் வாழ்க’ என்று அரைமணி நேரப் பேச்சு. மிகச் சரி. அதே ஆண்டு இறுதியில் அக்குழுவில் ஆடிய இரு மாணவிகளைப் பெற்றோர் பட்டணத்துப் பள்ளிக்கு மாற்றினார்கள். தந்தைக்கு அங்கே வேலை. அவ்விருவரையும் காலைச் சபைகூடலில் பெயர் சொல்லாமல் சுட்டி, ‘உண்ட வீட்டை மறப்பவர்கள்’ என்று ஒருவர் பேசினார். பத்து வயதுப் பிள்ளைகள்! சீருடைச் சட்டையைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்து கொடுத்தபோது வாங்கிக்கொள்ளக்கூட ஆளில்லை. அலுவலக மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். பள்ளியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பல பள்ளிகளில் இது நடக்கிறது என்பதைப் படிக்கும் நீங்கள் அறிவீர்கள்.

நாம் மாற்றல் கேட்கும்போது நமக்குக் குடும்பம் இருக்கிறது, வீட்டுக்கடன் இருக்கிறது, பதவி உயர்வு இருக்கிறது. பிள்ளை மாறும்போது மட்டும் அதற்குக் காரணமே இருக்காது. துரோகம் மட்டுமே இருக்கும். இப்படித்தானே எண்ணுகிறோம்?

இப்போது புதிய பயிற்றுநரின் பக்கம் வருகிறேன். ஏனெனில் அவருக்கும் அநீதி நடக்கிறது. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துப் பருவம் நவம்பர் தொடக்கத்தில் ஆரம்பமாகும். ஒவ்வோர் ஆண்டும் எத்தனையோ சிறிய கிறிஸ்தவக் கல்லூரிகள் புதிய பயிற்றுநரோடு அதற்குத் தயாராகின்றன. எல்லா இடத்திலும் ஒரே கேள்விதான்: ‘இந்த ஆண்டு எத்தனை வெற்றி?’ 2022 நவம்பரில் மேசனிடமும் அதையே கேட்டார்கள். அவருக்கு முன்னிருந்தவரின் நிழல் மூன்று வெற்றிகளின் நீளம். கையிலிருந்ததோ பெரும்பாலும் புதுமுகங்கள். அந்தப் பருவம் 14 வெற்றி, 18 தோல்வி என்று முடிந்தது. ‘மாயம் தீர்ந்தது’ என்றார்கள்.

அப்படிச் சொன்னவர்கள் பழைய ஏட்டைப் புரட்டியிருக்க வேண்டும். மாயக்காரர் என்று கொண்டாடப்பட்ட ஹாலோவே 2018-19இல் அங்கே நடத்திய முதல் பருவத்தின் கணக்கு 10 வெற்றி, 22 தோல்வி! அந்தக் கணக்கைப் பார்த்து அவரை அனுப்பியிருந்தால் 2022 ஏது? மேசனும் இரண்டாம் பருவத்தில், 2024 மார்ச்சில், ஃபேர்ஃபீல்டை 68-63 என வென்று தம் வட்டாரக் கிண்ணத்தைக் கைப்பற்றி மீண்டும் தேசியப் போட்டிக்குக் குழுவை அழைத்துச் சென்றார். அங்கே டென்னசியிடம் 83-49 என்று தோல்வி. அந்தத் தோல்வியைப் பார்த்தவர்கள் கிண்ணத்தை மறந்தார்கள். பார்க்கத் தெரிந்தவர்களுக்கு, ஒரு முழுக் குழுவை இழந்த இடத்தில் இரண்டே ஆண்டுகளில் இன்னொரு குழு எழுந்ததுதான் 2022ஐ விடப் பெரிய செய்தி. என் கணிப்பு அதுதான், மறுப்பவர்கள் மறுக்கலாம்.

வெற்றிக் கணக்கை மட்டும் வைத்து ஆசானை அளப்பவர்களுக்கு இன்னொரு பெயரை நினைவூட்டுகிறேன். 1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில், கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் பயிற்சிப் பள்ளியில், பீச் பழக் கூடைகளை மாட்டி இந்த ஆட்டத்தையே உருவாக்கியவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். பின்னர் கான்சஸ் பல்கலைக்கழகத்தின் முதல் பயிற்றுநரானார். அவருடைய கணக்கு 55 வெற்றி, 60 தோல்வி. அப்பல்கலைக்கழக வரலாற்றில் வெற்றியைவிடத் தோல்வி மிகுந்த ஒரே பயிற்றுநர் அவர்தாம்! இன்றைய பெற்றோர் ஆசிரியர் சங்கங்களில் சில, நெய்ஸ்மித்தை இரண்டாம் தவணையிலேயே மாற்றச் சொல்லியிருக்கும்.

புதிய பயிற்றுநர்கள் எல்லாரும் நல்லவர்கள் என்றும் நான் சொல்லவில்லை. அமெரிக்கக் கல்லூரிகளில் ஒரு வழக்கம் உண்டு. புதியவர் வந்ததும், முன்னவர் சேர்த்த மாணவர்களைக் கூப்பிட்டு, ‘என் ஆட்ட முறைக்கு நீ பொருந்தமாட்டாய், வேறிடம் பார்த்துக்கொள்’ என்று நாசூக்காகச் சொல்லிவிடுவது. பிறகு ‘என் ஆள்கள்’ என்று புதியவர்களைக் கொண்டுவருவது. ஓடிப்போனதாகக் கணக்கில் ஏறும் மாணவர்களுள் எத்தனையோ பேர் இப்படி வாசலைக் காட்டி அனுப்பப்பட்டவர்கள். நம் பள்ளிகளிலும் புறப்பாடப் பொறுப்பு கைமாறும்போது இதன் சிறு வடிவம் நடக்கிறது. சென்ற ஆண்டு முழுதும் வெயிலில் ஓடிய பிள்ளை இந்த ஆண்டு தண்ணீர்ப் போத்தல் தூக்குகிறான்; காரணம், அவன் ‘அந்த ஆசிரியரின் ஆள்’. பிள்ளைக்கு இது எப்படிப் புரியும்? அவன் பள்ளிக்காகத்தானே ஆடினான்!

இயேசு சபையார் தங்கள் கல்வி நிலையங்களில் அடிக்கடி சொல்லும் ஓர் இலத்தீன் தொடர் உண்டு: ‘கூரா பெர்சொனாலிஸ்’. ஒவ்வோர் ஆளையும் தனியாக, முழுமையாகப் பேணுதல் என்பது அதன் கருத்து. குழுவையோ கிண்ணத்தையோ அது சொல்லவில்லை, ஆளைச் சொல்கிறது. கிறிஸ்தவக் கல்லூரி என்று பலகை வைத்துக்கொண்டு கூடைப்பந்து நடத்துகிறவர்களை நாம் இந்தத் தொடரைக் கொண்டே அளக்கலாம். அவர்களே எடுத்துக் கொடுத்த அளவுகோல்தானே! செயின்ட் பீட்டர்ஸில் 1950 முதல் 1972 வரை டான் கென்னடி என்ற ஒரே பயிற்றுநர் இருந்தார். 1968இல் டியூக் பல்கலைக்கழகத்தை 100-71 என்று அடித்தது அவர் குழு. அப்படி ஒருவரே இருபத்திரண்டு ஆண்டு இருக்கும் காலம் இனி வராது. அதை எதிர்பார்க்கவும் வேண்டாம். ஆள் மாறும்போது பொறுப்பு கைமாறுகிறதா என்பதுதான் இனி கேட்க வேண்டியது.

எனவே, புதிய பயிற்றுநரையோ புறப்பாடப் பொறுப்பாசிரியரையோ வரவேற்கக் கூடும் அடுத்த சங்கக் கூட்டத்தில், ‘இந்த ஆண்டு கிண்ணம் வருமா?’ என்ற கேள்வியை யாரேனும் கட்டாயம் கேட்பார், கேட்கட்டும். அதற்குமுன் பெற்றோர் ஒருவராவது எழுந்து, சென்ற ஆண்டுக் குழுவிலிருந்த பிள்ளைகளுள் எத்தனை பேர் இன்றும் திடலுக்கு வருகிறார்கள் என்று கேளுங்கள். வராத பிள்ளைகளின் வீட்டுக்கு யார் போய்ப் பார்த்தார்கள் என்றும் கேளுங்கள். பள்ளி மாறிப்போன பிள்ளை ஒருத்தி அடுத்த மாவட்டப் போட்டியில் எதிரணியில் நின்றால், அவளுக்கு முதலில் கைகொடுப்பவர் யார் என்பதையும் அங்கேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.